எடுத்துக் கொடுத்தவள்

எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் படத்தைக் காட்டி, "இது என்ன? யா..." என்று இழுப்பார். பிள்ளைகள் அத்தனை பேரும் "...னை!" என்று கூரை அதிரக் கத்துவார்கள். டீச்சருக்கும் திருப்தி, பிள்ளைகளுக்கும் திருப்தி. யானை என்று தெரிந்து சொன்னது யார், பக்கத்துப் பிள்ளையின் சத்தத்தில் சேர்ந்துகொண்டது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதற்கு எடுத்துக் கொடுப்பது என்று பெயர். நானும் அப்படித்தான் படித்தேன். அப்படித்தான் இருபத்திரண்டு வருடம் பாடமும் நடத்தினேன்.

என் பெயர் வசுமதி. காவிரிக்கரை விசைத்தறி ஊர் ஒன்றில் சிறப்பாசிரியை. பதினோரு தொடக்கப் பள்ளிகளுக்கு முறை வைத்து ஸ்கூட்டரில் சுற்றுவேன். எழுத்து பிடிபடாத பிள்ளைகள், எண் தலைகீழாகத் தெரியும் பிள்ளைகள், 'மக்கு' என்று வகுப்பின் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் என் பிள்ளைகள். மாவட்டத்திலேயே அதிகம் பேரைத் தேற்றிவிட்ட ஆசிரியை என்று மேடையேற்றிச் சால்வை போட்டிருக்கிறார்கள். அந்தச் சால்வையை இப்போது பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.

பிரகல்யாவை முதலில் பார்த்தபோது அவளுக்கு ஆறரை வயது. இரண்டாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவாள். கதை கேட்டால் மறுநாள் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முகம் செத்துவிடும். "எழுத்தெல்லாம் எடம் மாறிக்கிட்டே இருக்குதுங்க டீச்சர்" என்றாள். பொய் சொல்கிறாள் என்று வகுப்பாசிரியர் நினைத்திருந்தார். நான் அவளுக்குப் பொட்டு எழுதிக் கொடுத்தேன்.

பொட்டு என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கக் காகிதத்தில் ஒரு முழ நீளத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற, ஒட்டுப்பொட்டு அளவே உள்ள கருவி அது. பிரகல்யாவின் அம்மா பவித்ரா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"இது புள்ள மூளையக் கெடுத்துப்போடாதுங்களா?"

"கெடுக்காது. இது படிச்சும் குடுக்காது. எழுத்து மேல கண்ணு போறப்ப உம்பொண்ணு எங்கெங்க தடுக்கறான்னு பாத்துக் கத்துக்கும். அவ தடுக்கி விழப்போற நேரத்துல மெல்ல ஒரு தட்டுத் தட்டும். அவ நின்னு திரும்பிப் பாப்பா. அவ்வளவுதான்."

"எத்தன நாளைக்கு ஒட்டணுமுங்க?"

"அவளக் கத்துக்கறதுக்கே அதுக்கு ரெண்டு வருசம் வேணும். ஒவ்வொரு புள்ளையும் ஒவ்வொரு மாதிரி தடுக்கும் இல்லையா? அதுக்கப்புறம் இன்னொரு ரெண்டு மூணு வருசம் போனா, மூளையே தன்னைத் தட்டிக்கப் பழகிடும். பொட்டு வேண்டியதில்ல. ஆனா ஒம்பது வயசுக்குள்ள ஆரம்பிக்கணும். அதுக்கு மேல புதுசா ஒட்டினா ஒண்ணும் ஏறாது."

"அப்ப எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுத்துடலாமுங்களே?"

"மாவட்டத்துக்கே இருநூறுதான் வந்திருக்கு பவித்ரா. எழுநூறு புள்ளைங்க வரிசைல நிக்குது. ஒரு புள்ள தேறினா உடனே அடுத்த புள்ளைக்குப் போயிடணும்."

இதை நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். பொட்டை வாங்கி அலமாரியில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது. பவித்ரா கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டாள்.

இன்னொரு விதியும் உண்டு. பொட்டு திரும்பி வந்ததும் அதிலிருக்கும் குழந்தையின் மனப்பதிவு முழுவதையும் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். பிள்ளைகளின் தடுமாற்றத்தைச் சேமித்து வைத்து நாளைக்கு எவனாவது வேலைக்கு எடுக்கும்போது புரட்டிப் பார்த்தால் என்ன ஆவது? நல்ல விதிதான். அதைக் கேட்டுப் போராடிய மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இரண்டு வருடம் நான்கு மாதம் போனது. நான்காம் வகுப்பில் பிரகல்யா பொட்டோடு ஒரு பக்கம் வாசிக்க ஆரம்பித்திருந்தாள். நடுவில் நிற்பாள், காது ஓரம் கை போகும், மறுபடி வாசிப்பாள். அவள் நின்று யோசிக்கும் அந்த நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது. அது எனக்குத் தெரியவே தெரியாது.

வருடாந்திர மதிப்பீடு பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மாவட்டத்திலிருந்து திவாகர் என்ற இளைஞர் பெட்டியோடு வந்தார். பொட்டைக் கழற்றிவிட்டு நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். திரையில் இருபது சொற்கள் ஒவ்வொன்றாக வரும். குழந்தை வாயால் என்ன சொல்கிறது என்பதைப் பட்டை மதிக்காது. சொல் மனதில் தோன்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். மனப்பாடம் செய்து ஒப்பித்தோ கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லியோ ஏமாற்ற முடியாது. யார் முகத்தையும் பார்த்து அது தயவு காட்டாது என்று நாங்களெல்லாம் நம்பியிருந்தோம்.

முதல் வருடம் பிள்ளைகள் பயந்து அழுததால், குழந்தைக்குப் பழக்கமான ஒருவர் எதிரில் உட்கார வேண்டும் என்று பிறகு சேர்த்திருந்தார்கள். என் பள்ளிகளில் எப்போதும் அது நான்தான். பிரகல்யாவின் எதிரில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தேன். அவள் திரையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், சொல்வாள். தைரியத்துக்காக என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்து நெஞ்சு நிறைந்துபோனது.

"எழுபது" என்றார் திவாகர். "கோடு அறுபதுதான் மேடம். தேறிட்டா."

நான் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். பவித்ரா தறிப்பட்டறையிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடி வந்தாள். "மெஷின் புள்ள, மெஷின் புள்ளன்னு எத்தன பேரு கூப்புட்டாங்க டீச்சர். இனி எவளாச்சும் சொல்லட்டும்" என்று அழுதுகொண்டே சிரித்தாள். பள்ளி முழுவதற்கும் தேன்மிட்டாய் கொடுத்தாள். பொட்டை ஒரு வாரத்துக்குள் ஒப்படைத்தால் போதும் என்று திவாகர் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நான் மறுபடி அந்தப் பள்ளிக்குப் போனபோது பிரகல்யாவின் காதுக்குப் பின்னால் பொட்டு இல்லை. ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளிறிப்போய் வட்டமாகத் தெரிந்தது. வீட்டில் கழற்றி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, "வா சாமி, இனி நீ பெரிய மனுசி. ஒரு பக்கம் படிச்சுக் காட்டு" என்றேன். அவள் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை என் முகத்துக்கு நேராகப் பிரித்துப் பிடித்துக்கொண்டேன்.

சத்தமே வரவில்லை. புத்தகத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவள் தன் புத்தகத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புஸ்தகத்தக் கீழ எறக்குங்க டீச்சர். வாய் தெரியல."

"யாரு வாய்?"

"உங்க வாய்தான். அன்னைக்குச் சொன்னீங்கல்ல, அந்த மாதிரி சொல்லுங்க."

"நான் எங்க சாமி சொன்னேன்? பேசவே இல்லையே?"

"சத்தம் போடல. வாயிலதான சொன்னீங்க" என்றாள் அவள், எனக்கு இதுகூடத் தெரியாதா என்ற ஆச்சரியத்தோடு. "மொத எழுத்தச் சொன்னீங்க. மீதி எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. டீச்சர் எடுத்துக் கொடுத்தால் முடித்துச் சொல்வதுதான் பள்ளிக்கூடம் என்று அவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் பழக்கியிருக்கிறோம்.

வட்டார அலுவலகத்தில் திவாகர் வேறொரு பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மதிப்பீட்டின் ஒளிப்பதிவைக் காட்டச் சொன்னேன். மடிக்கணினியைத் திறந்து காட்டினார். திரையில் 'பலகை' என்று வருகிறது. பிரகல்யா அதைப் பார்க்கிறாள், நெற்றி சுருங்குகிறது, என் பக்கம் திரும்புகிறாள். என் உதடுகள் ஒட்டிப் பிரிகின்றன. 'ப'. அவள் முகம் மலர்கிறது. இருபதில் பதினான்கு முறை. அந்த உதடுகள் யாருடையவோ போல இருந்தன.

"பட்டை இதக் கண்டுபிடிச்சிருக்கணுமில்ல தம்பி?" என்றேன்.

அவரும் இப்போதுதான் பார்க்கிறார். "சொல் மனசுல வந்துச்சான்னுதான் மேடம் அதுக்குத் தெரியும். எந்த வழியா வந்துச்சுன்னு தெரியாது. உங்க உதட்டையும் எழுத்தோட சாயலையும் வச்சு, அவளுக்கு முழுச் சொல்லும் நெசமாவே மனசுல வந்துருது. பட்டை பொய் சொல்லல. அதைச் செஞ்ச ஊர்ல எதிர்ல உக்கார்றவங்க வாய மூடிக்கிட்டு உக்காருவாங்க போல."

"அப்ப இந்த மதிப்பெண்ண ரத்து பண்ணுங்க. பொட்டு அவகிட்டயே இருக்கட்டும்."

"பண்ணலாம். நீங்க எழுதிக் குடுக்கணும், நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அப்பிடி எழுதினா உங்க பழைய பதிவு எல்லாத்தையும் திறப்பாங்க. இதுவரைக்கும் எத்தன பேரத் தேத்தி விட்டிருக்கீங்க?"

"இருபத்தி மூணு."

அவர் மடிக்கணினியை மூடினார். இருபத்து மூன்று பேருக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

கவின்ராஜ் ஞாபகம் வந்தான். தேறி மூன்று வருடம் கழித்து ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றான். அப்பன் குடிகாரன், வேறென்ன ஆகும் என்று சொல்லித் திரிந்தேன். ஹரிணி ஞாபகம் வந்தாள். அவள் அம்மா பேருந்து நிலையத்தில் என்னைப் பிடித்து, "படிக்க உக்காரவே மாட்டேங்கறா டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். நான் அந்த இடத்திலேயே, நாலு பேர் பார்க்க, ஹரிணியைத் திட்டினேன். தேறினவள்தானே, எல்லாம் சோம்பேறித்தனம், திமிர் என்று. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பவித்ரா வேலை பார்க்கும் பட்டறைக்குப் போனேன். எழுதிக் கொடுப்பது பிறகு, முதலில் பொட்டை மறுபடி ஒட்டிவிட வேண்டும் என்ற அவசரம்தான் மனதில் இருந்தது. உள்ளே பதினாறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பவித்ரா என்னைப் பார்த்ததும், நான்கு தறிகளுக்கு அப்பால் நின்ற ஒரு பெண்ணிடம் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். அந்தப் பெண்ணும் வாயை அசைத்தே பதில் சொன்னாள். பவித்ராவின் தறிகளை வந்து பார்த்துக்கொண்டாள். அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

பிரகல்யா தொட்டிலில் கிடந்தது இந்தத் தறிகளுக்கு நடுவில்தான். புத்தகம் வாசிக்க வராத பிள்ளைக்கு உதடு வாசிக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளைவிட அவளிடம் என் உதடு இவ்வளவு பலித்ததற்குக் காரணம் அதுதான்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும், "பொட்டு எங்க பவித்ரா?" என்று கேட்டேன்.

"நேத்தே குடுத்துட்டனுங்களே." அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. "ஒரு வாரம் இருக்குதுன்னாங்க. எதுக்குங்க நம்ம வச்சுக்கிட்டு? வரிசைல எழுநூறு புள்ளைங்க நிக்குதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. அரை நாள் லீவு போட்டுட்டுப் போயி நானே மாவட்ட ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன். என் கண்ணு முன்னாலயே அழிச்சு, வேற பேரு எழுதி வச்சுட்டாங்க. சின்னப் பொண்ணாமுங்க, அஞ்சு வயசு."

சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவ பாஸாகலீங்களா?"

"இல்ல."

"அந்தப் பொட்டயே மறுபடி வாங்க முடியாதுங்களா?"

"அதுல இப்ப நம்ம பிரகல்யா இல்ல, பவித்ரா. வேற ஒண்ணு கிடைச்சாலும் முதல்ல இருந்து ரெண்டு வருசம் கத்துக்கணும். வரிசைல அவ பேரு வர்றதுக்குள்ள ஒம்பது தாண்டிடும்."

பவித்ரா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்றுதான் நின்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானே கொண்டுபோயிக் குடுத்துட்டனே" என்று தனக்குத்தானே சொன்னாள். இரண்டு மூன்று முறை அதையே சொன்னாள். பிறகு தறி நிற்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

எழுதுவதற்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது. எழுதினால் பிரகல்யாவுக்கு எதுவும் திரும்பி வரப்போவதில்லை, அவளுக்கு இருக்கிற ஒரே சிறப்பாசிரியையும் போய்விடுவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். நியாயம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த பிப்ரவரியில் இன்னொரு பிள்ளையின் எதிரில் போய் உட்கார வேண்டுமே. இருபத்து மூன்று பெயர்களையும் பிரகல்யாவின் பெயரையும் வரிசையாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து திவாகர் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கவலப்படாதீங்க."

"ஏன்?"

"உங்க கடிதத்துக்கப்புறம் மாநிலம் முழுக்க எல்லா ஒளிப்பதிவையும் ஓட்டிப் பாத்திருக்காங்க. பத்துல ஒம்பது டீச்சருங்களுக்கு உதடு அசையுது. அவங்களுக்கே தெரியாமத்தான். அந்த அறுபதுங்கற கோடே இந்த மாதிரி எடுத்துக் குடுத்து வந்த மதிப்பெண்ண வச்சுப் போட்டதுதான்."

"அப்ப எல்லாப் புள்ளைங்களுக்கும் மறுபடி பாக்கணுமே?"

"எத்தன ஆயிரம் பேரு மேடம்? பொட்டுக்கு எங்க போறது? இதுவரைக்கும் வந்த முடிவு அப்பிடியே இருக்கட்டும்னு உத்தரவு போட்டுட்டாங்க. தேறினவங்க தேறினவங்கதான். இனி நடக்கறதுக்கு மட்டும் புது விதி வரும்."

தொலைபேசியை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, யாரும் என்னை விரல் நீட்டிக் கேட்கப்போவதில்லை. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்கூட. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பிரகல்யா ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். தேறியவள் என்று பதிவேட்டில் இருப்பதால் என் பட்டியலில் அவள் பெயர் கிடையாது. என் சொந்த நேரத்தில், பள்ளி விட்ட பிறகு வாரம் இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொல்லுக்கு அவள் எவ்வளவு நேரம் போராடுகிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். சில நாள் ஒரு வரி முடிவதற்குள் வாட்ச்மேன் கதவைப் பூட்ட வந்துவிடுவார். வகுப்பில் அவளைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. வகுப்பாசிரியை பாதியைச் சொன்னால் எல்லாரோடும் சேர்ந்து மீதியை அவளும் கத்துகிறாள். "நல்லாத்தான படிக்கறா?" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

பிப்ரவரியில் மதிப்பீடு வந்தது. புது விதிப்படி எதிரில் உட்காருபவர் முகக்கவசம் போட வேண்டும். பெட்டியோடு ஒரு கட்டு நீல நிறக் கவசங்களையும் திவாகர் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் வகுப்பு ஸ்ரீநிதிக்கு எதிரில் நான் மூக்கு வரை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் உதடுகள் உள்ளே அசைவதை என்னாலேயே உணர முடிந்தது. அந்தக் குழந்தை என்னைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து திரையைப் பார்த்தது. நூற்றுக்குப் பதினைந்துதான் வந்தது. பொட்டு அவளிடமே இருக்கும். அவள் அம்மா அழுதாள். நான் எனக்குள் நன்றி சொன்னேன்.

வெளியே வந்தபோது பிரகல்யா வராந்தாவில் நின்றிருந்தாள். சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கிட்டே வந்து என் முகத்திலிருந்த கவசத்தை விரலால் தொட்டாள்.

"இதப் போட்டா வாய் தெரியாதுங்களா டீச்சர்?"

"தெரியாது சாமி."

கோபமெல்லாம் இல்லை. போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

"எனக்கு வச்சப்பவும் நீங்க இதப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கலாமில்லீங்க?"

"ஆமா" என்றேன். குரல் எழும்பவில்லை. துணிக்குள் உதடு மட்டும் அசைந்தது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைத்து, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.